மறுநாள் காலை யார் கூட்டிக்கொண்டு போனார்கள்?

கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலைக் குழுமத்தில் பயிற்சித் துறையைப் பார்த்துக்கொள்கிறேன். பெரிய கம்பெனிகளின் பயிற்சித் தலைவர்கள் மட்டும் கூடிப் பேசும் ஒரு கவுன்சிலில் போன வருடம் சேர்ந்தேன்.

விண்ணப்பம் சுலபம்தான். பதவி என்ன, பட்ஜெட்டை முடிவு செய்வது நீங்கள்தானா என்று கேட்டார்கள். பயிற்சியை விற்கும் கம்பெனிக்காரர்களுக்கு உள்ளே இடமில்லை. நல்ல விதி. விட்டால் டீ குடிக்கும் நேரத்திலும் சரக்கை விரித்துவிடுவார்கள்.

கஷ்டமெல்லாம் எங்கள் எம்.டி.யிடம். "ஏனுங்க, நம்ம மில்லு சங்கதிய ஊருக்குச் சொல்றதுக்கு நாமளே பணங் கட்டோணுமா?" என்றார். 1956-இல் தொடங்கிய, நம்ம ஊர் ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவை நினைவூட்டினேன். உற்பத்தித் திறன், செலவு என்று பல மில்களின் கணக்கை வாங்கி ஒப்பிட்டுச் சொல்கிறார்களே, அது மாதிரிதான் இதுவும் என்றேன். "அது கணக்குங்க. இது ஊட்டு விசயம்" என்றார்.

கடைசியில் காப்பாற்றியது சேத்தம் ஹவுஸ் விதி. லண்டனில் 1927-இல் வகுத்தது. கூட்டத்தில் கேட்டதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சொன்னவர் யார், எந்த நிறுவனத்துக்காரர் என்று மட்டும் வெளியே விடக்கூடாது. போட்டிக் கம்பெனிகளை ஒரே குழுவில் போடமாட்டோம் என்றும் கவுன்சிலில் எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.

கவுன்சில் நேர்காணலில், பயிற்சியின் பலனை அளக்கும் கிர்க்பாட்ரிக்கின் நான்கு நிலைகளைப் பற்றிக் கேட்டார்கள். பயிற்சி பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடந்துகொள்வது மாறியதா, கம்பெனிக்கு என்ன பலன். முதல் இரண்டுக்கும் படிவங்கள் கட்டுக்கட்டாக வைத்திருந்தேன். மூன்றாவதற்கு என்னிடம் இருந்தது வருகைப் பதிவேடு. அதையே சொன்னேன். எதிரில் இருந்தவர் சிரித்துவிட்டார். எப்படியோ சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் கூட்டத்துக்குப் பன்னிரண்டு ஸ்லைடோடு போனேன். இரண்டாவதிலேயே நிறுத்திவிட்டு, "பிரச்சினையைச் சொல்லுங்க" என்றார்கள். அங்கே முதல் அரைமணி நேரம் யாரும் யோசனை சொல்லக்கூடாது, கேள்வி மட்டும்தான். ஒடிசாவிலிருந்து வரும் பெண்கள் பயிற்சியை நன்றாக முடிக்கிறார்கள், ஷெட்டுக்குள் போன சில வாரங்களில் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள் என்றேன். சம்பளம், ஹாஸ்டல், சாப்பாடு என்று கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். நர்சுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஓர் அம்மா கடைசியாகக் கேட்டார்: "பயிற்சி முடிஞ்ச மறுநாள் காலையில அவங்கள ஷெட்டுக்கு யார் கூட்டிட்டுப் போறாங்க?"

தெரியவில்லை.

அடுத்த வாரம் காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போய் நின்றேன். பயிற்சிக் கூடத்தில் மெதுவாக ஓடிய மிஷினில் இழை ஒட்டப் பழகியவள், முழு வேகத்தில் ஓடும் ரிங் ஃபிரேம் என்ற நூற்பு மிஷின் முன்னால் தனியாக நின்றாள். சூப்பர்வைசர் அந்த இரைச்சலில் தமிழில் கத்தினார். நாங்கள் பாடம் நடத்தியது ஒடியாவில்.

இப்போது முதல் பத்து நாளைக்கு ஒடியா பேசும் பழைய ஆள் ஒருவர் கூடவே நிற்கிறார். சூப்பர்வைசர்களுக்கும் பயிற்சி தொடங்கியிருக்கிறோம். எம்.டி.க்குத் திருப்தி. "அந்த நர்சம்மா எந்த ஆஸ்பத்திரிங்க?" என்று கேட்டார்.

"சொல்லக்கூடாதுங்க. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."