கல்லுப் பாதையில் மின்சார டர்ட் பைக்: இதுவரை பழகியது

சிங்கப்பூரில் ஆக உயரமான இடமே 163 மீட்டர் புக்கிட் தீமாதான். கல்லும் மேடுமாக ஒரு மலைப்பாதை வேண்டுமென்றால் பாலம் தாண்டி மலேசியாவுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அதிலும் மின்சார டர்ட் பைக் (கரடுமுரடான மண்பாதைக்கான பைக்) என்றால் கேட்கவே வேண்டாம். இங்கே அனுமதியுள்ள மின்சைக்கிள் 250 வாட்டைத் தாண்டக்கூடாது, மிதித்தால்தான் மோட்டார் உதவ வேண்டும், அந்த உதவியும் மணிக்கு 25 கிலோமீட்டரில் நின்றுவிட வேண்டும். நான் பழகும் வண்டியில் பெடலே கிடையாது. மோட்டார் உச்சத்தில் 6 கிலோவாட் இழுக்கும். அதனால் சனிக்கிழமை விடிவதற்குள் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி தாண்டி, ஜொகூரில் கோத்தா திங்கி பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறேன். பெட்ரோலே ஊற்றாத வண்டி ஓட்டப் போகிறவனுக்கும் காரில் முக்கால் டேங்க் பெட்ரோல் இருந்தால்தான் எல்லை தாண்ட அனுமதி. சரி, சட்டம் சட்டம்தான்.

வேலைக்குத் தினமும் பெட்ரோல் பைக்கில் போகிறவன் நான். என் இடது கைக்கு கிளட்ச் பழக்கம். இந்த வண்டியில் கிளட்சும் இல்லை, கியரும் இல்லை. இடது கைப்பிடியில் இருப்பது பின் பிரேக். பெட்ரோல் வண்டியில் கல் ஏறும்போது கிளட்சைப் பாதி பிடித்து வேகத்தை அளந்து விடலாம். இதில் அதற்குப் பதிலாகப் பின் பிரேக்கை லேசாக இழுத்துக்கொண்டே திராட்டில் (வலது கையால் திருகும் வேகப்பிடி) கொடுக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. நான் எடுக்கும் வண்டியில் பிரேக்கைத் தொட்ட மாத்திரத்தில் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் துண்டிக்கப்படும். பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு, ஆனால் செங்குத்தான கல்லின் நடுவில் அது பாதுகாப்பாகத் தெரிவதில்லை.

ஆக, எல்லாமே வலது மணிக்கட்டில்தான் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் சுற்று ஏற ஏறத்தான் இழுக்கும். மின்மோட்டாருக்கு நின்ற இடத்திலேயே முழு இழுவை உண்டு. கொஞ்சம் அதிகம் திருகினால் பின்சக்கரம் அதே கல்லில் சுழன்று தேயும், வண்டி நகராது. வண்டி வாடகைக்கு விடும் அண்ணன் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “திருகாத தம்பி, தொட்டாப் போதும்.” முழுச் சக்தி தரும் ஸ்போர்ட் மோடைத் தொடவே விடமாட்டார். சக்தியைக் குறைத்துத் தரும் ஈகோ மோடில் ஏறத் தெரியாதவன் ஸ்போர்ட்டில் விழத்தான் செய்வான் என்பது அவர் கட்சி. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

பாதையின் மேல்பாதியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்படி வருகிறது. அதுதான் என் பரீட்சை. இப்போது அதை ஏறும் முறை இப்படி: தூரத்திலேயே எழுந்து நின்று, முழங்காலால் வண்டியை அணைத்துக்கொண்டு, கண்ணைப் படிக்கு அப்பால் வைக்க வேண்டும். முன்சக்கரம் கல்லை முட்டுவதற்குச் சற்று முன் ஒரு சின்னத் தொடல். முன்பக்கம் லேசாகி மேலே ஏறும். உடனே திராட்டிலை மூடி, உடம்பை முன்னால் கொண்டுபோனால் பின்சக்கரம் தானாக உருண்டு வந்துவிடும். அந்த மூடல்தான் ரகசியம். பயத்தில் கை இன்னும் திருகத்தான் பார்க்கும். காய்ந்த நாளில் இப்போது பெரும்பாலும் ஏறிவிடுகிறேன். மழை பெய்து கல்மேல் செம்மண் படிந்திருந்தால் இறங்கித் தள்ளுகிறேன். ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும் வண்டியைத் தள்ளுவதும் ஒரு உடற்பயிற்சிதான்.

சத்தமில்லாத வண்டி என்பதில் ஒரு லாபம்: டயர் பிடிக்கிறதா வழுக்குகிறதா என்று காதாலேயே தெரிந்துவிடும். நஷ்டமும் உண்டு. தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்களுக்கு நாம் வருவதே கேட்காது. வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்துக்கொண்டே போகிறேன்.

பேட்டரிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 60 வோல்ட், 32 ஆம்பியர்-மணி. ஏறக்குறைய 1,900 வாட்-மணி. நானும் வண்டியும் சேர்ந்து 140 கிலோ என்று வைத்துக்கொண்டால் 100 மீட்டர் உயரம் ஏற 38 வாட்-மணி போதும். அதாவது 2 விழுக்காடு. ஆனால் மானியில் அதைவிடப் பல மடங்கு இறங்குகிறது. உயரம் தின்பதில்லை, தடுமாற்றம்தான் தின்கிறது. நின்று நின்று ஏறும்போது மோட்டார் மெதுவாகச் சுற்றும், மின்னோட்டமோ உச்சத்தில் இருக்கும். அதில் பெரும்பகுதி செப்புச் சுருளில் சூடாகவே போய்விடும். சூடு கூடினால், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கண்ட்ரோலர் தானே சக்தியைக் குறைத்துவிடும், அப்புறம் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டியதுதான். கையும் கண்ணும் பழகப் பழக, அதே பாதையில் மிச்சமாகும் சார்ஜும் கூடிக்கொண்டே வருகிறது. என் முன்னேற்றத்துக்கு இதைவிட நேர்மையான அளவுகோல் கிடைக்கவில்லை.

இறக்கம் இன்னும் சரியாகக் கைவரவில்லை. எஞ்சினும் கியரும் இல்லாததால், எஞ்சின் பிடிக்கும் என்ற ஆறுதல் இல்லை. திராட்டிலை விட்டால் மோட்டார் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறது, போதாது. முன் பிரேக்கில் ஒற்றை விரலை வைத்து இறங்குவதை வாரநாள்களில் சிங்கப்பூரில் செஸ்நட் பூங்காவின் மலைச்சைக்கிள் பாதையில் சாதாரணச் சைக்கிளிலேயே பழகுகிறேன்.

அடுத்த முறை டயர் காற்றைக் குறைத்துப் பார்க்க வேண்டும். காற்று குறைந்தால் ரப்பர் கல்லை அணைத்துப் பிடிக்கும்; ரொம்பக் குறைத்தால் டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் நசுங்கி ஜோடி ஓட்டை விழும். 15 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தொடங்கலாம் என்று அண்ணனிடம் பேசிவைத்திருக்கிறேன். டியூப் போனால் காசு என் தலையில் என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் தலையாட்டினார்.