முதல் ரைஃபிள்: டர்பனில் ஒரு வருடம்

நேற்று 50 மீட்டரில் சுட்ட ஐந்து தோட்டாவின் ஓட்டைகளும் ஒரு 5 ரேண்ட் நாணயத்துக்கு அடியில் மறைந்தன. அந்த இலக்கு அட்டையைப் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறேன். போன வருடம் இதே நேரம் என் கையில் ரைஃபிளே இல்லை, ஆசை மட்டும்தான் இருந்தது.

முதலில் நானே ஒன்றைச் சேர்த்துக் கட்டலாம் என்று நினைத்தேன். ஒரு நல்ல குழல், ஒரு பழைய மௌசர் ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றி வெடிக்க வைக்கும் பகுதி), மரக்கட்டை. தென்னாப்பிரிக்காவில் அது அவ்வளவு சுலபமில்லை. சட்டப்படி தனிக் குழலும் ஆயுதம்தான், அதற்கும் லைசென்ஸ் வேண்டும். வேலையையும் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியர்தான் செய்யவேண்டும். புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது: முதல் துப்பாக்கியை வாங்குங்கள், கட்ட வேண்டாம்.

சரி, எதை வாங்குவது? நான் .308 என்ற பெரிய வேட்டைத் தோட்டா ரைஃபிள் மேல் கண் வைத்திருந்தேன். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா நாற்பது வருடமாக வேட்டைக்குப் போகிறவர். "தம்பி, பெரிய சத்தத்துக்குப் பயந்து கண்ணைச் சிமிட்டப் பழகிட்டா அப்புறம் மாத்தறது கஷ்டம். பாயிண்ட் ட்வென்டி டூ எடு" என்றார். அதாவது .22, சின்னத் தோட்டா. அவர் சொன்னது எவ்வளவு சரி என்று இப்போது தெரிகிறது. உதை கிட்டத்தட்ட இல்லை, தோட்டாவும் மலிவு. தப்பு நடந்தால் அது விரலில்தான் என்று உடனே தெரிந்துவிடுகிறது.

காகித வேலை நீளம். 21 வயது ஆகியிருக்க வேண்டும். பயிற்சி, சட்டத் தேர்வு, கைரேகை, தகுதிச் சான்றிதழ், அதற்குப் பிறகுதான் லைசென்ஸ் மனு. மனு ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்குத்தான் என்பதால் முதலிலேயே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். லைசென்ஸ் வரும்வரை அது கடையிலேயே இருக்கும். காவலர்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியிடமும் பேசினார்கள், சுவரில் போல்ட் போட்ட இரும்புப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்கள்.

கடையில் என் கைக்கு வந்தது செக் நாட்டு சிஇசட் கம்பெனியின் ஒரு .22 போல்ட் ரைஃபிள், ஒவ்வொரு தோட்டாவுக்கும் கைப்பிடியை இழுத்துத் தள்ள வேண்டிய வகை. காலி என்று இரண்டு பேரும் பார்த்துவிட்டு, கண்ணை மூடித் தோளில் ஏற்றினேன். கண்ணைத் திறந்தபோது ஸ்கோப்புக்குள் (குறிபார்க்கும் தொலைநோக்கி) முழு வட்டம் தெரியவில்லை, ஓரம் கறுத்திருந்தது. கன்னம் தாழ்ந்து நின்றது. கட்டைமேல் 12 மில்லிமீட்டர் தடிப்பில் நுரைப்பட்டை ஒட்டியதும் சரியாகிவிட்டது. விலையையும் பிராண்டையும் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

மூன்றாவது மாதம் குழப்பம். தோட்டாக்கள் இரண்டு கூட்டமாக விழுந்தன. என் மூச்சு, விரல், தோட்டா பிராண்ட் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் கட்டையையும் ஆக்‌ஷனையும் பிடிக்கும் முன் திருகு கால் சுற்று தளர்ந்திருந்தது. இறுக்கியதும் இரண்டு கூட்டம் ஒன்றாகிவிட்டது. அன்றிலிருந்து சுடப் போகும் முன் திருகுகளைத் தொட்டுப் பார்க்காமல் கிளம்புவதில்லை.

ஸ்கோப் விஷயத்திலும் கவனம். பெரிய ரைஃபிள்களுக்கான ஸ்கோப்புகளில் பல, 100 யார்டுக்குப் பேரலாக்ஸ் அமைத்தவை, அதாவது குறுக்குக்கோடும் இலக்கும் அந்தத் தூரத்தில்தான் ஒன்றாக நிற்கும். கிட்டத்தில் தலையைக் கொஞ்சம் நகர்த்தினாலே குறுக்குக்கோடு இலக்கை விட்டு நகரும். .22-க்கு 50 யார்டுக்கு அமைத்ததை அல்லது திருகி மாற்றக்கூடியதை எடுங்கள்.

டர்பன் கடல்காற்று இரும்பைத் தின்னும். ஒரு வாரம் எண்ணெய் தடவித் துடைக்காமல் விட்டேன், போல்ட் கைப்பிடியில் மஞ்சள் துருப்புள்ளி வந்துவிட்டது. இப்போது பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் கிடக்கின்றன.

சாதாரண உரிமக்காரர் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவரைதான் வைத்திருக்கலாம். .22-க்கு அது நான்கு பெட்டிதான். அங்கீகரித்த சுடும் மைதானத்திலேயே வாங்கி அங்கேயே சுடுவது அந்தக் கணக்கில் வராது, அதனால் பழக்கம் எல்லாம் அங்கேதான்.

அடுத்த மாதம் 100 மீட்டர். நேற்றே ஆசைக்கு மூன்று சுட்டுப் பார்த்தேன். மூன்றும் மையத்துக்கு 17 சென்டிமீட்டர் கீழே விழுந்தன, ஆனால் ஒன்றுக்கொன்று ஒட்டியே விழுந்தன.