முன்னால் கை வைத்தவர்கள்

1951 மாடல் செவ்ரோலே 3100 பிக்கப் ஒன்றை வாங்கி ஷெட்டில் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. வாங்கும்போது துருவை நினைத்துத்தான் பயந்தேன். இப்போது கேட்டால் துரு பாவம் என்பேன், அது இருக்கிற இடத்தில் பளிச்சென்று சிவப்பாகத் தெரிந்துவிடும். என் சனி, ஞாயிறுகளையெல்லாம் தின்றது இத்தனை காலமாக இந்த வண்டியை "ரிப்பேர்" செய்த புண்ணியவான்கள்தான்.

கேபினின் பின்பக்கக் கீழ் மூலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டிகளில் வழக்கமாக அரித்துப்போகிற இடம் அது, மண்ணும் ஈரமும் உள்ளே தங்கி உள்ளிருந்தே தின்றுவிடும். என் வண்டியில் அந்த மூலைகள் வழவழவென்று இருந்தன, அட, அதிர்ஷ்டம்தான் என்று நினைத்துக் காந்தத்தை வைத்துப் பார்த்தால் ஒட்டாமல் நழுவிக் கீழே விழுந்தது. சுத்தியலால் தட்டினால் விரல் கனத்துக்குப் பட்டி (பள்ளத்தை அடைக்கப் பூசும் பசை), அதற்குப் பின்னால் கம்பி வலை, அதற்கும் பின்னால் கசக்கித் திணித்த செய்தித்தாள். தகரம் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை! வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தேன். முதல் மூலையில் அவசரப்பட்டு ஒரே கோடாக இழுத்ததில் தகடு சூட்டில் அப்பளமாக நெளிந்துவிட்டது. இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைக்க வேண்டும் என்பது இரண்டாவது மூலையில்தான் புரிந்தது.

அப்புறம் செல்ப் மோட்டார். இந்த வண்டியில் அதை ஓட்டச் சாவியைத் திருப்பினால் போதாது, தரையில் இருக்கிற பெடலைக் காலால் மிதிக்க வேண்டும். மிதித்தால் எஞ்சின் தூக்கத்தில் புரண்டு படுப்பது போல ஒரு சுற்று சுற்றி நின்றுவிடும். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே வைத்தியம்தான் சொன்னார்கள்: 6 வோல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு 12-க்கு மாற்று. நானும் கிட்டத்தட்ட மாற்றியிருப்பேன். ஆனால் புதிதாக வெளிவந்தபோது இதே 6 வோல்ட்டில்தானே லட்சக்கணக்கில் ஓடின? பேட்டரியை மாற்றினேன், பலனில்லை. மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ்ஷைப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. ஒரு வழியாக மீட்டரை எடுத்துக்கொண்டு, ஒருவரை பெடலை மிதிக்கச் சொல்லி, கேபிளின் இரு முனைகளுக்கும் நடுவே எவ்வளவு வோல்ட் வீணாகிறது என்று அளந்தபோதுதான் திருடன் மாட்டினான். யாரோ பழைய கேபிளை எடுத்துவிட்டு 12 வோல்ட் காருக்கான ஒல்லிக் கேபிளைப் போட்டிருக்கிறார்கள். வோல்ட் பாதி என்றால் அதே வேலைக்கு ஆம்பியர் இரண்டு மடங்கு வேண்டும், அதற்கேற்ற தடிமனும் வேண்டும். 00 கேஜ் என்கிற தடித்த கேபிள் போட்டு, எர்த் பிடிக்கிற இடத்தில் பெயிண்டைச் சுரண்டிப் பளபளப்பாக்கினேன். அவ்வளவுதான், இப்போது மிதித்தால் சுறுசுறுப்பாகச் சுற்றுகிறது.

ஆயில் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரிலும் ஏமாறப் பார்த்தேன். முள் 15 பவுண்டைத் தாண்டவே இல்லை, பம்ப் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். அது இந்த வண்டியில் இருக்கிற 216 கன அங்குல எஞ்சினின் சுபாவமாம். பிஸ்டனை கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கிற கனெக்டிங் ராடுகளுக்கு இதில் நேரடியாக அழுத்தத்தில் ஆயில் போவதில்லை, ராடின் அடியில் சிறு கரண்டி மாதிரி ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் அது ஆயிலை அள்ளிக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் முன்னவர்கள் மேல் பழியில்லை, அவர்கள் பம்ப்பைத் தொடவே இல்லை.

பிரேக்கில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. ஹோஸ், குழாய், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், அத்தனையும் புதிது. நாலு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட், எங்கே ஒழுகினாலும் மொத்தமாகப் போய்விடும், இதில் சிக்கனம் பார்ப்பவரோடு நான் வண்டியில் ஏற மாட்டேன்.

சின்னச் சின்ன சாமான்களின் துருவை எடுக்க ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வாஷிங் சோடா கரைத்து, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவைச் சாமானிலும் பாசிட்டிவை ஒரு பழைய இரும்புத் துண்டிலும் மாட்டிவிட்டால் போதும், மறுநாள் காலை துரு கறுத்துப்போய் பிரஷ்ஷிலேயே வந்துவிடும். திறந்த வெளியில் செய்யுங்கள், ஹைட்ரஜன் கிளம்பும். பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை மட்டும் மாட்டாதீர்கள், அதிலிருந்து விஷமான குரோமியம் தண்ணீரில் இறங்கும்.

போன வாரம் முதல் முறையாகத் தெரு முனை வரை ஓட்டிவிட்டு வந்தேன். பின்னால் சரக்குத் தளத்துக்கு மரப்பலகை இன்னும் போடவில்லை, கண்ணாடி வழியாகப் பார்த்தால் அடியில் ரோடு ஓடுவது தெரிகிறது. டாஷ்போர்டு விளக்கு மட்டும் எரியவில்லை. சரியான கனெக்டர் கையில் இல்லாததால் வயரை முறுக்கி டேப் சுற்றி, பின்னால் யாருக்கும் தெரியாத இடத்தில் தள்ளிவிட்டிருக்கிறேன்.