எல்லாம் பச்சையாக இருந்த இரவு

ஆளில்லாத ஒலிபரப்பு நிலையங்களைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் பணிக்கு வந்த புதிதில், திரையில் எல்லாக் கட்டங்களும் பச்சையாக இருந்தால் ஒலிபரப்பு ஒழுங்காக நடக்கிறது என்றே நான் நம்பியிருந்தேன். ஒரே இரவில் அந்த நம்பிக்கை போயிற்று. மலைமேல் இருந்த 5 கிலோவாட் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் முழுத் திறனில் ஓடிக்கொண்டிருந்தது. வெப்பநிலை, மின்விசிறி, மின்னழுத்தம் எதிலும் குறையில்லை. ஆனால் ஸ்டுடியோவிலிருந்து ஒலியைக் கொண்டுவரும் இணைப்பு அறுந்துபோய், நாற்பது நிமிடங்களாக ஒலி எதுவும் ஏற்றப்படாத வெறும் ஊர்தி அலை மட்டுமே காற்றில் போய்க்கொண்டிருந்தது. நேயர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “ரேடியோவில் சத்தமே வரவில்லையே, சார்” என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

நாங்கள் கருவியைக் கண்காணித்தோமே தவிர, ஒலிபரப்பைக் கண்காணிக்கவில்லை. ஒலி இல்லாவிட்டாலும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டரின் திறன் குறையாது. அதன் அளவீடுகளை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கோளாறு ஒருபோதும் புலப்படாது. இப்போது ஒலிபரப்பு எட்டும் பகுதிக்குள் தனியாக ஓர் ஆன்டெனாவும் ரிசீவரும் வைத்து, நேயர் கேட்பதையே நாங்களும் கேட்கிறோம். ஒலி 30 நொடி நின்றுபோனால் அலாரம் அடிக்கும். அந்த 30 நொடியை முடிவுசெய்வதற்குள் பெரும் விவாதமே நடந்தது; நேரத்தைக் குறைத்தால் நாடகத்தில் வரும் மௌனத்துக்கெல்லாம் அலாரம் அடிக்கும், கூட்டினால் நேயர் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார்.

செய்தியே வந்துசேராத மௌனம் இன்னும் ஆபத்தானது. பல டிரான்ஸ்மிட்டர்கள் தங்கள் கோளாறை எஸ்என்எம்பி என்ற, வலையமைப்புக் கருவிகளைக் கண்காணிக்கும் நெறிமுறையில் ‘டிராப்’ என்ற செய்தியாக அனுப்புகின்றன. வழக்கமாக அது, போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் யுடிபி முறையில், மையக் கணினியின் 162ஆம் போர்ட்டுக்குப் போகும். கிடைத்தது என்று மறுமுனை பதில் சொல்வதில்லை என்பதால், வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான். மின்சாரம் போகும்போது ரவுட்டரும் சேர்ந்து அணைந்துவிட்டால், எது மிக அவசியமான செய்தியோ அதுவே வெளியே வராது. ஆகவே, கண்காணிப்பு மையமே குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு நிலையத்தையும் விசாரிக்க வேண்டும். பதில் வராத நிலையத்தை நாங்கள் சாம்பல் நிறத்தில் காட்டுகிறோம். கடைசியாக வந்த பச்சையை அப்படியே விட்டுவைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

வரம்பைத் தாண்டாத எண்களிலும் சேதி இருக்கிறது. ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் திறன் அந்த மலை நிலையத்தில் எப்போதும் 20 வாட்டாக இருக்கும். ஒரு மழைக்காலத்தில் அது மூன்று வாரங்களில் 60 வாட்டுக்கு ஏறியது. எங்கள் அலாரம் வரம்போ 1.5 நிலையலை விகிதம் (திறன் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு), அதாவது அனுப்பும் திறனில் 4 சதவீதம், 200 வாட் திரும்பி வருவது. அலாரம் அடிக்கவில்லை. வாரப் பதிவை வரைபடமாகப் பார்த்த சக பொறியாளர் சந்தேகப்பட்டுப் போய்ப் பார்த்தபோது, ஆன்டெனாவுக்குத் திறனைக் கொண்டுசெல்லும் ஃபீடர் கம்பியின் இணைப்பு ஒன்றில் ஈரம் இறங்கியிருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் அந்த இணைப்பே கருகியிருக்கக்கூடும்.

திறன் குறைவதையும் இப்படி நிதானமாகப் படிக்க வேண்டும். எட்டு பெருக்கித் தொகுதிகளின் திறனைச் சேர்த்துத் தரும் டிரான்ஸ்மிட்டரில் ஒன்று பழுதானால், எட்டில் ஒரு பங்குதான் குறையும் என்று புதியவர்கள் எதிர்பார்ப்பார்கள். உண்மையில், மீதி ஏழின் திறனிலும் ஒரு பகுதி அவற்றைச் சேர்க்கும் இணைப்பியின் சமநிலைச் சுமையில் (பொருந்தாத திறனை உறிஞ்சும் மின்தடையத்தில்) வெப்பமாகிவிடுவதால், வெளிவருவது சுமார் 77 சதவீதம் மட்டுமே. இதை அறியாதவர், இல்லாத இரண்டாவது பழுதைத் தேடிக்கொண்டிருப்பார்.

அலாரங்களின் எண்ணிக்கையைக் குறைக்கத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. மின்தடை ஒன்றுக்கு நாற்பது செய்திகள் வரிசையாக வந்து விழுந்தால், பணியில் இருப்பவர் படிக்காமலே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு மூடிவிடுவார், அவர்மேல் குற்றமில்லை. மின்தடைக்கு ஒரே செய்தி, அதன் விளைவுகள் அதற்குக் கீழே என்று மாற்றினோம்.

இப்போது மாதம் ஒருமுறை, மாற்று ஒலிவழி ஓடும்படி வைத்துக்கொண்டு, முதன்மை ஒலிக் கம்பியை நாங்களே கழற்றுகிறோம். பணியில் இருப்பவருக்கு முன்கூட்டியே சொல்வதில்லை. கம்பியைக் கையில் வைத்தபடி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, அவர் அழைப்பதற்காகக் காத்திருப்போம். சென்ற மாதம் 50 நொடியில் அழைத்துவிட்டார்.