அம்மாவுக்கு வந்த ஃப்ளேர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எதிர்வீட்டு அக்கா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நின்றார். "அம்மாவுக்குக் கையில பிளேட்டு வெச்சிருக்காங்களாமே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று என்மேல் ஒரே கோபம்.

யாரும் எதையும் வைக்கவில்லை. அம்மாவின் முடக்குவாதம் ஊரறிந்தது. சனிக்கிழமை மணிக்கட்டு இரண்டும் பணியாரம் மாதிரி வீங்கியிருந்ததைப் பார்த்த டாக்டர், "இது ஃப்ளேர்ம்மா" என்றார். அடங்கிக் கிடந்த நோய் திடீரென்று சீறினால் அப்படிச் சொல்வார்களாம். அம்மா காதில் அது 'பிளேரு' என்று விழுந்தது. தண்ணீர் கேன் பையனிடம் 'பிளேட்டு' ஆனது. இஸ்திரி வண்டியைத் தாண்டும்போது நான்கு மணி நேர ஆபரேஷனே முடிந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த ஃப்ளேர் ஒன்றுதான். மொட்டைமாடியில் நின்றால் மணலிப் பக்கம் சுத்திகரிப்பு ஆலையின் உயரமான குழாய் உச்சியில் எரியுமே, அது. மிச்ச வாயுவை அப்படியே வெளியே விட்டால் ஆபத்து என்று எரித்துவிடுகிறார்கள். அதைக் காட்டித்தான் அம்மா எனக்குச் சோறு ஊட்டினாள். நிலாவெல்லாம் மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு.

போன வாரம்தான் ஏசி மெக்கானிக், "ஃப்ளேர் போச்சு சார், கேஸ் எல்லாம் லீக்கு" என்றார். நான் பதறி ஸ்விட்சை அணைக்க ஓடினேன். தாமிரக் குழாயின் நுனியை நாதஸ்வர அணசு மாதிரி விரித்து நட்டுப் போட்டு முறுக்குவார்களாம், அந்த விரிப்பில் கீறல். ஒரு கீறலுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய். நாதஸ்வரமே வாங்கியிருக்கலாம். மகள் கேட்கும் ஃப்ளேர் பேன்ட்டும் அதே விரிப்புதான். பீரோவில் கிடக்கும் சித்தப்பாவின் பெல்பாட்டத்தை எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை.

மத்தியானத்துக்குள் மூன்று ஹார்லிக்ஸ், இரண்டு கிலோ ஆப்பிள், புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொள்ளும்படி ஐந்து ஆலோசனைகள். அம்மா எதையும் மறுக்கவில்லை. மணிக்கட்டில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசல் திண்ணையில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் மச்சான் வந்தார். அவருக்கு ஃப்ளேர் என்றால் சூரியன். அங்கே வெடித்தால் எட்டு நிமிடத்தில் வெளிச்சம் இங்கே வந்துவிடும், ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று வகை உண்டு, ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு பலம், 1859-இல் ஒன்று வெடித்த மறுநாள் பேட்டரியைக் கழற்றிய தந்திக் கம்பியில்கூடச் செய்தி போனது என்று காபி ஆறும்வரை பேசினார்.

அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு வந்தது எம்முனு வெச்சுக்கலாமா மாப்பிள்ளை?" என்றாள். "எக்ஸுனா இன்னும் ஆளு வருவாங்க. பால் இல்ல."

இன்று காலை ஆறு மணிக்குச் சமையலறையில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அம்மா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை என்னிடம் நீட்டி, "மூடியை என்னமா இறுக்கியிருக்கான் பாரு" என்றாள்.

நேற்றே திறந்த பாட்டில். தொட்டதும் கழன்றுவிட்டது. "ஆமாம்மா, ரொம்ப இறுக்கம்" என்று கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டிருந்தேன்.