ட்ரஸ்ட் இல்லாத இரண்டு டொமைன்களுக்கிடையே பேக்கப் கோப்புகளைக் கொண்டுசெல்லல்

கொழும்பு கோட்டையில் தலைமையகத்தைக் கொண்ட எங்கள் நிறுவனம், யூனியன் பிளேஸில் இயங்கிவந்த சிறிய நிறுவனம் ஒன்றை வாங்கியதைத் தொடர்ந்து, அவர்களுடைய எஸ்.கியூ.எல். சேர்வர் தரவுத்தளங்களின் பேக்கப் கோப்புகளை ஒவ்வோர் இரவும் எங்கள் பக்கத்துச் சேர்வருக்குக் கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் வந்தது. இரண்டும் தனித்தனி டொமைன்கள், அதாவது பயனர் கணக்குகளைத் தனித்தனியாக நிர்வகிக்கும் விண்டோஸ் வலையமைப்புகள். ஒன்றின் கணக்குகளை மற்றது ஏற்றுக்கொள்ளச் செய்யும் ட்ரஸ்ட் என்ற பிணைப்பு இடையில் கிடையாது, ஏற்படுத்துவதாகவும் இல்லை. “தம்பி, ட்ரஸ்ட் மட்டும் கேக்காதீங்க, மிச்சம் என்ன வேணுமெண்டாலும் கதைப்பம்” என்று வலையமைப்புப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அண்ணா முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. அங்கே ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் சேர்வர் 2012 ஆர்2. அதன் நீட்டிக்கப்பட்ட ஆதரவுக் காலம் 2023 ஒக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அப்படியொரு சேர்வர் இருக்கும் டொமைனை எங்கள் டொமைனோடு பிணைக்க எந்தப் பொறுப்பாளரும் உடன்படமாட்டார். வெளி ஹார்ட் டிஸ்கில் ஏற்றி முச்சக்கரவண்டியில் கொண்டுவரலாம் என்ற யோசனையும் ஒரு கூட்டத்தில் எழுந்தது. வாடிக்கையாளர் விபரங்கள் அடங்கிய கோப்புகளை அப்படித் தெருவால் கொண்டுவருவதை, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, எழுத்தில் அனுமதிக்க எவரும் முன்வரவில்லை.

இந்த வேலையில் முதலில் தெளிவாக வேண்டியது, கோப்பை உண்மையில் யார் கொண்டுபோகிறார் என்பதுதான். நான் என் கணக்கில் உள்நுழைந்து, மற்ற டொமைனின் பகிர்வுக் கோப்புறையை இசட் ட்ரைவாக இணைத்துக்கொண்டால் அது என் திரையில் தெரியும். ஆனால் பேக்கப் கட்டளையை நிறைவேற்றுவது எஸ்.கியூ.எல். சேர்வர் சேவையின் கணக்கு, அதற்கு அந்த ட்ரைவ் இருப்பதே தெரியாது. பாதை இல்லை என்று பிழை எண் 3 வரும். நேரடியாக வலையமைப்புப் பாதையைக் கொடுத்தால், சேவைக் கணக்கை மற்ற டொமைன் அறியாததால் பிழை எண் 1326 வரும். பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு என்பது அதன் பொருள். எஸ்.கியூ.எல். சேர்வருக்குள்ளிருந்தே கட்டளை வரியைத் திறந்து, ‘நெட் யூஸ்’ கட்டளையில் கடவுச்சொல்லை எழுதி ஓடவிடும் வழி பல இடங்களில் புழக்கத்தில் உள்ளது. அது வேலை செய்யும். ஆனால் கடவுச்சொல் ஸ்கிரிப்டில் வெளிப்படையாகக் கிடக்கும், சேவையை மறுபடி தொடங்கினால் இணைப்பும் போய்விடும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

வலையமைப்புக்கு மேலால் நேரடியாக பேக்கப் எடுப்பதையும் நான் விரும்பவில்லை. இணைப்பு ஒரு கணம் அறுந்தால் முழு பேக்கப்பும் தோற்றுப்போகும். ஆகவே பேக்கப் முதலில் அந்தச் சேர்வரின் சொந்த டிஸ்கிலேயே முடிய வேண்டும். பிறகு எங்கள் சேர்வர் போய் அதை எடுத்துவர வேண்டும் என்று தீர்மானித்தோம். அவர்கள் அனுப்புவதைவிட நாங்கள் எடுப்பதே பாதுகாப்பானது. ஒருவேளை அந்தச் சேர்வரை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பிடித்தாலும், எங்கள் பக்கத்தில் எழுதவோ அழிக்கவோ கூடிய கணக்கு எதுவும் அதன் கையில் இருக்காது. ஃபயர்வோலிலும் எங்கள் சேர்வரிலிருந்து அவர்களுடைய ஒரு சேர்வரின், கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் போர்ட்டுக்கு மட்டும், ஒரு திசையில் வழி திறந்தால் போதும். கோப்புகளை மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்.எஃப்.டி.பி. வழியையும் பார்த்தோம், அதற்கு வேண்டிய ஓப்பன் எஸ்.எஸ்.எச். மென்பொருள் விண்டோஸோடு சேர்ந்து வருவது சேர்வர் 2019இலிருந்துதான், பழைய சேர்வரில் புது மென்பொருள் நிறுவ அனுமதி கிடைக்கவில்லை. பகிர்வுக் கோப்புறைக்கு, விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையான எஸ்.எம்.பி.யின் மறைகுறியாக்கத்தை இயக்கும் வசதி சேர்வர் 2012இலேயே உண்டு; அதை இயக்கிக்கொண்டோம்.

மூலச் சேர்வரில், அதாவது அவர்களுடைய சேர்வரில், வாசிக்கும் உரிமை மட்டும் கொண்ட ஓர் உள்ளகக் கணக்கை (டொமைனுக்கல்ல, அந்தச் சேர்வருக்கு மட்டும் உரியது) உருவாக்கினோம். எங்கள் சேர்வரில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓடவிடும் டாஸ்க் ஷெட்யூலரின் டாஸ்க் ஒரு தனிக் கணக்கில் ஓடும். அந்தக் கணக்காகவே கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ‘சிஎம்டிகீ’ கட்டளையால் உள்ளகக் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் சேமித்தோம். பெயருக்கு முன்னால் மூலச் சேர்வரின் பெயரைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அது எந்த இடத்துக் கணக்கு என்பது குழம்பும். சேமிக்கும்போது ஐபி முகவரி கொடுத்தால், கோப்பை எடுக்கும் பாதையிலும் அதே ஐபி முகவரிதான் இருக்க வேண்டும். சேர்வரின் பெயரை எழுதினால் சேமித்தது பொருந்தாது. டாஸ்க்கின் அமைப்பில் ‘கடவுச்சொல்லைச் சேமிக்க வேண்டாம்’ என்ற தெரிவு இருந்தால் வலையமைப்பு வளங்கள் எதுவும் கிடைக்காது என்பதையும் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிகம் அலைக்கழித்தது கோப்புறை அனுமதி. எழுதி முடியாத கோப்பை எங்கள் பக்கம் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக, பேக்கப் முடிந்ததும் அதை ‘வெளிச்செல்லும்’ என்ற கோப்புறைக்கு நகர்த்தும் படி ஒன்றைச் சேர்த்திருந்தோம். நகர்த்திய கோப்பு பட்டியலில் தெரிந்தது, திறக்க மட்டும் முடியவில்லை. ஒரே டிஸ்க் பகுதிக்குள் நகர்த்தப்படும் கோப்பு, புதிய கோப்புறையின் அனுமதிகளை ஏற்காமல் பழையவற்றையே கொண்டுவரும். கொப்பி செய்தால்தான் புதியவை ஏறும். மேல்நிலைக் கோப்புறைக்கே வாசிக்கும் உரிமையைக் கொடுத்து, பகிர்வை ‘வெளிச்செல்லும்’ கோப்புறைக்கு மட்டும் வைத்தபோது சரியாகிவிட்டது.

எடுத்துவரும் வேலையை விண்டோஸின் கொப்பிக் கருவியான ரோபோகொப்பிதான் செய்கிறது. அதன் இயல்பான அமைப்பை அப்படியே விட்டால், தோற்ற ஒரு கோப்புக்காக 30 விநாடி இடைவெளியில் 10 லட்சம் தடவை முயன்றுகொண்டிருக்கும். மறுமுயற்சிகளை ஒற்றை இலக்கத்துக்குக் குறைத்தோம். கோப்பு வெற்றிகரமாக வந்துசேர்ந்தால் அது திருப்பித் தரும் எண் 1. பல கருவிகள் பூச்சியத்தை மட்டுமே வெற்றியாகக் கொள்வதால், 8க்குக் குறைந்த எல்லாவற்றையும் வெற்றியாக மாற்றும் ஒரு வரியை ஸ்கிரிப்டின் இறுதியில் சேர்த்தோம். பல இழைகளில், அதாவது பல கோப்புகளை ஒரே நேரத்தில், கொண்டுவரும் சுவிட்ச் ஒரே பெரிய கோப்புக்கு உதவாது. பேக்கப்பையே பல கோப்புகளாகப் பிரித்து எடுத்தபோதுதான் வேகம் தெரிந்தது.

முதல் முழு ஒத்திகையை ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை தினத்தில் வைத்துக்கொண்டோம். எஸ்.கியூ.எல். சேர்வர் 2014இலிருந்து கிடைக்கும் பேக்கப் மறைகுறியாக்கத்தைப் பயன்படுத்தியிருந்ததால், அதைத் திறக்கத் தேவையான சான்றிதழையும் அதன் தனிச் சாவியையும் வேறு வழியால் முன்கூட்டியே கொண்டுவந்து நிறுவியிருந்தோம். அது இல்லாமல் மீட்டெடுக்கப் போனால் பிழை எண் 33111தான் மிஞ்சும். சரிபார்க்கும் கட்டளை கோப்பு வாசிக்கக்கூடியது என்பதைச் சொல்லுமே தவிர, உள்ளேயுள்ள தரவு ஒழுங்காக இருக்கிறதா என்று சொல்லாது. ஆகவே உண்மையாகவே மீட்டெடுத்துப் பார்த்தோம். மற்ற டொமைனின் விண்டோஸ் பயனர்கள் எங்கள் பக்கத்தில் செல்லாதவர்களாகிவிட்டார்கள், அது எதிர்பார்த்ததே. எஸ்.கியூ.எல். பயனர்களை எங்கள் சேர்வரின் லொகின்களோடு மறுபடி இணைத்தோம்.

உள்ளகக் கணக்கின் கடவுச்சொல் காலாவதியாகும் திகதி, இப்போது இரு பக்க அணிகளின் நாட்காட்டியிலும் உள்ளது. விண்டோஸின் இயல்பான கால எல்லை 42 நாட்கள். அங்கே மாற்றும் அதே வேளையில், இங்கே டாஸ்க் ஓடும் கணக்கில் நுழைந்து ‘சிஎம்டிகீ’யிலும் மாற்ற வேண்டும், என் சொந்தக் கணக்கில் மாற்றினால் அன்றிரவு கோப்பு வராது.