கொள்ளிடக் கரைக்கு வரும் எச்சரிக்கை ஏன் தடம் மாறுகிறது?

மேட்டூரில் திறப்பு கூடினால் வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் பறக்கும். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, போன வருஷத்து உண்மையாகவும் இருக்கலாம். யார் சொன்னது, எப்போது, எந்த ஊருக்கு, எதுவரைக்கும் என்பது படத்தில் இருக்காது.

இந்த நான்கையும் செய்தியோடு கட்டி அனுப்பத்தான் 'கேப்' என்ற பொது எச்சரிக்கை நெறிமுறை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' தளம் இதை வைத்துத்தான் ஓடுகிறது. ஆனால் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதுதான் கோளாறு.

முதலில் நேரம். கேப்பில் இந்திய நேரம் என்றால் கடைசியில் +05:30 கட்டாயம். அதை வெட்டிவிட்டு உலகப் பொது நேரமாகச் சேமிக்கும் நிரல் நேரத்தை ஐந்தரை மணி தள்ளிவிடும். காலாவதி நேரமும் அதே அளவு நகரும்.

அடுத்து இடம். கேப் அட்சரேகையை முன்னால் எழுதும்; கணினி வரைபடங்களுக்கான ஜியோஜேசன் வடிவம் தீர்க்கரேகையை. மாற்றாமல் ஒட்டினால் நாகப்பட்டினத்தின் 10.77, 79.84 ஆர்க்டிக் ஸ்வால்பார்ட் தீவுக்குப் போய்விடும். வட துருவத்தில் புயல் எச்சரிக்கை! எச்சரிக்கைப் பகுதியின் எல்லையை வரையும் பலகோணத்தின் முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மாவட்டக் குறியீட்டை மட்டும் நம்பக் கூடாது. மயிலாடுதுறை 2020-ல் தனி மாவட்டமானது; பழைய பட்டியலில் சீர்காழி இன்னும் நாகையில்தான் கிடக்கும். காரைக்கால் புதுச்சேரி ஆட்சிப் பகுதி என்பதால் தமிழகப் பட்டியலிலேயே வராது, அரசலாறு கடலில் சேர்வதோ அங்கேதான். பலகோணமே மேல்.

திருத்தமோ ரத்தோ அனுப்பும்போது பழைய செய்தியின் அனுப்புநர், அடையாள எண், நேரம் மூன்றையும் சேர்த்துக் குறிப்பிடாவிட்டால் பெறும் பக்கத்தில் இரண்டும் உயிரோடு நிற்கும். நிலை 'ஒத்திகை' என்றிருப்பதைப் பார்க்காமல் எஸ்எம்எஸ்ஸாகத் தள்ளிவிடும் கேட்வே (செய்தியைக் கடத்தும் இடைக் கணினி) அதைவிட ஆபத்து.

அளவு விஷயத்தில்தான் நான் கண்டிப்பு. ஒரு கனமீட்டர் சுமார் 35.3 கனஅடி. அலகு இல்லாமல் வெறுமனே '1,000' என்று வந்தால் வாய்க்காலும் ஆகலாம், வெள்ளமும் ஆகலாம். எங்கே அளந்தது என்பதும் வேண்டும்: மேட்டூருக்குக் கீழே பவானியும் அமராவதியும் சேர்வதால், கொள்ளிடம் பிரியும் முக்கொம்பின் கணக்கு வேறு.

டிஜிட்டல் கையொப்பம் வழியில் யாரும் திருத்தவில்லை என்றுதான் சொல்லும், எண் சரி என்று சொல்லாது. நடுவில் ஒரு மென்பொருள் வடிவமைப்பை 'அழகுபடுத்தினால்' கையொப்பமே செல்லாமல் போகலாம். மூலக் கோப்பைத் தொடாமல் அப்படியே கடத்துங்கள். ஆட்டோ மைக்கில் வாசிக்கக் கொடுக்கும் துண்டுச் சீட்டிலும் வெளியிட்ட நேரம், முடியும் நேரம், மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077 மூன்றும் இருக்கட்டும்.